மனத்தை அளப்போரும் மானமும்

ஓசூர்ப் பிரதேசத்தில் யந்திரசாலைகள் பெருகியதன் பயனாகப் பீஹார், ஒடிஸா, அஸ்ஸாம் முதலிய ராஜ்யங்களின் தொழிலாளரும், விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்களும் அங்கே வந்து குடியேறியிருக்கின்றனர். மனோதத்துவ ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியான களம் கிடைப்பதரிது. நாட்டின் பெரிய மனோவைத்திய ஸ்தாபனமாகிய நிம்ஹான்ஸும் பெங்களூரில் ஓசூர் ரஸ்தாவின் மீதே இருக்கிறது. ஆராய்ச்சியை நாம் ஆட்சேபிக்கவில்லை. நோயைக் கணக்கெடாமல் வைத்தியம் செய்வதெங்ஙனம்? ஆனால் தனி மனிதனின் நோயை அறிவது வேறு. ஒரு கூட்டத்தாரின் குணத்தை நிர்ணயிப்பது வேறு. பின்னதன் விபரீதத்தை இப்பிரதேசம் அனுபவித்திருக்கிறது.

1871-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. 'சேலம் மேல்நாட்டுக் குறவர்', 'சேலம் உப்புக் குறவர்' என்ற பெயர்களைச் சீர்மரபினர் ஜாபிதாவில் இன்றும் காணலாம். மாடுகளின் மேல் உப்பு மூட்டை ஏற்றி ஊரூராக விற்று வந்த ஜனங்கள் இவர்கள். ரயிலும் சர்க்காரின் உப்புக் கொள்கையும் அவ்வியாபாரத்தை அழித்தன. பிழைப்பிழந்தவனின் வறுமையை ஆராய ஒருவரும் வரவில்லை. அவன் மூக்கை அளக்க வந்தார்கள்! சென்னை மியூஸியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் ஜாதி ஜாதியாக மண்டையும் மூக்கும் அளந்து, 1909-ல் ஏழு பாகங்கள் வெளியிட்டார். ரக்ஷண்ய சேனையின் பூத் டக்கரோ, குற்றத்தைச் சொஸ்தப்படுத்துவதே ஒரு சாஸ்திரம் என்று அதற்குப் புதுப் பெயரும் சூட்டினார். சாஸ்திரத்தின் முத்திரை விழுந்தபின் ரிஜிஸ்தரும் ஆஜர் கொடுத்தலும் குடியேற்ற முகாமும் நியாயமாகவே தோன்றின. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையென்று சர்க்கார் அறிவித்துவிட்டால், அதைக் கேள்வி கேட்கக் கோர்ட்டுக்கே அதிகாரமில்லை! சட்டம் படித்தவர்கள் வெட்கப்பட வேண்டிய ஷரத்து அது.

சென்னையில் 1947-லும், தேசமெங்கும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது. எண்ணம் ஒழிந்ததா? சிறை விதிகளில் ஜாதி பார்த்து வேலை பகிர்வதையும், பழைய பரம்பரைப் பட்டத்தைக் கொண்டு கைதிகளைப் பிரிப்பதையும் 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்ய நேர்ந்தது.

எல்லைப்புறத்தார் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கொரமர், கொரச்சர், கொரவர் ஆகியோர் கர்நாடகத்தின் ஷெட்யூல்டு ஜாதியார். இப்பால் அவ்வழியினரில் சிலர் ஷெட்யூல்டு ஜாதியார், சிலர் சீர்மரபினர். ரத்தத்திலுள்ளதென்று சொல்லப்பட்ட குணம் சுங்கச் சாவடியில் மாறிவிடுமா என்ன?

இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் சமூக, நடத்தை ஆராய்ச்சிக்குத் தனி அத்தியாயம் வகுத்துள்ளன. சம்மதம் அவரவர்க்குப் புரியும் பாஷையில் பெறப்பட வேண்டும். பலவீனருக்கு விசேஷப் பாதுகாப்பு வேண்டும். நல்லதே. ஆனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஹிந்தியும் கலந்த ஓசூரில் ஒரே இங்கிலீஷ் படிவத்தை நீட்டினால் அது சம்மதமாகாது. மானேஜர் நிற்கும் அறையில் இடும் கையெழுத்தும் அப்படியே. வேலை போகும் என்ற பயம் உள்ளவன் மறுப்பானா?

இன்னொரு குறையும் உண்டு. சம்மதம் தருபவர் நூறு பேர். முடிவு எழுதப்படுவதோ பல்லாயிரவர் பெயரில். 'வடக்கத்தித் தொழிலாளர் கோபிகள்', 'தேன்கனிக்கோட்டை மலை இருளர் மந்தபுத்தியினர்' என்று நாளை ஒருவர் அச்சிட்டால், பதில் சொல்ல அவர்களுக்கு இடமேது? ஜாதி, இனம், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரால் முடிவு கூறும் எவ்வறிக்கையும், வெளிவருமுன் அந்த ஜனங்களின் பிரதிநிதிகளுக்கு அவர்கள் பாஷையில் வாசித்துக் காட்டப்பட வேண்டும்; அவர்களது ஆட்சேபணையும் அதனுடனேயே அச்சாக வேண்டும். நெறிமுறைக் கமிட்டிகள் இதை நிபந்தனையாக விதிக்கத் தடை ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.