காதுக்குள் வருவது யாரு?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "பின்னாடி ஆள் வர்றான், காப்பாத்து!" என்று பிள்ளைகள் தனியறையில் கத்தினால் எரிச்சல்படுகிறோம். கூட்டாக ஆடும் ஆட்டத்தில் பேச்சு அவசியம்தான். ஓடிக்கொண்டே டைப் அடிக்க முடியுமா? ஆனால், எதிர்முனையில் பேசுவது யார்?

'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் சிறுவர்களுக்கும் குரல் வசதி தானாகவே திறந்திருந்தது. முன்பின் தெரியாதவர்களோடு ஜோடி சேர்த்தது. அணைக்கும் பட்டனும் லேசில் கண்ணில் படவில்லை என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. பெற்றோர் சம்மதமின்றிச் சிறுவர் விவரங்களைச் சேகரித்த புகாரும் சேர, 2022 டிசம்பரில் எபிக் நிறுவனம் 27.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. சிறார்களுக்கு அந்த வசதி மூடியே இருக்க வேண்டும் என்றும் முடிவானது.

வாசலில் புது ஆள் நின்றால் "யாருப்பா?" என்கிறோம். காது வழியாக வருபவரைக் கேட்க வேண்டாமா? 'நண்பர்கள் மட்டும்' என்று மாற்றிவைக்க ஒரு நிமிஷம் போதுமே, சகோதரிகளே!

- ஓர் இல்லத்தரசி, திருச்சி