அப்பா பெயரில் பட்டா... அம்மாவுக்கு பி.எம். கிசான் கிடைக்குமா?

‘‘மதுராந்தகம் வட்டத்தில் அப்பா பெயரில் 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை உள்ளது. அவர் இறந்து ஓராண்டு ஆகிறது. அம்மாதான் ஊரில் இருந்து பயிர் வைக்கிறார். நானும் தம்பியும் பல்லாவரத்தில் குடியிருக்கிறோம். அப்பா இறந்த பிறகும் அவர் கணக்கில் ஒரு தவணை பி.எம். கிசான் பணம் ஏறியது. பிறகு நின்றுவிட்டது. 1,500 ரூபாய் கொடுத்தால் என் பெயரில் உடனே பதிந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?’’

- வாசகி, பல்லாவரம்

கொடுக்க வேண்டாம். இந்தத் தொகைக்குப் பதிவுக் கட்டணம் என்று தரகருக்குக் கொடுக்க எதுவும் இல்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. அதில் முக்கால் தவணையைத் தரகரிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். அதில் ஒருவர் வருமான வரி கட்டினாலும், கடைநிலை ஊழியர் நீங்கலாக அரசுப் பணியில் இருந்தாலும் தொகை கிடையாது. உங்கள் கணவரோ தம்பியோ வரி கட்டுபவர் என்றால் அந்தக் குடும்பத்துக்குத் தகுதி இல்லை. ஆனால், அம்மா தனிக் குடும்பம். பிள்ளைகள் வரி கட்டுவது அவருக்குத் தடையாகாது.

தகுதியற்றவர்களைத் தரகர்கள் சேர்த்ததால் என்ன நடந்தது என்பதை 2020-ல் பார்த்தோம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் அலுவலர்களின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி லட்சக்கணக்கானோரைச் சேர்த்தார்கள். 110 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு என்று கண்டறியப்பட்டு, சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. நிலமே இல்லாதவர்களின் வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. கமிஷன் வாங்கியவர் போய்விட்டார். சிக்கியது கணக்கு வைத்திருந்தவர்.

எனவே, முறையான வழியில் போங்கள்.

முதலில், அப்பா கணக்கில் ஏறிய தவணையை ஏ.டி.எம். கார்டு போட்டு எடுக்காதீர்கள். இறப்புச் சான்றிதழ் நகலுடன் மதுராந்தகம் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இறந்தபின் வந்த தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்கான வழியை அங்கேயே சொல்வார்கள்.

அடுத்து, வாரிசுச் சான்றிதழ் பெற்று, இ-சேவை மையம் மூலம் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். நீங்கள் குடியிருப்பது பல்லாவரம் வட்டம் என்றாலும், நிலம் இருக்கும் வட்டத்தில்தான் பரிசீலிப்பார்கள். அம்மா, நீங்கள், தம்பி மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். அம்மாவுக்குப் பணம் வரவேண்டும் என்பதற்காக நீங்கள் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டியதில்லை. பட்டாவில் அவர் பெயர் இருந்தால் போதும். 1.2.2019-க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அது பொருந்தாது.

பட்டா வந்ததும் அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம், ஆதாருடன் இணைந்த செல்போனுடன் வேளாண் அலுவலகம் செல்லுங்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் பதிந்துகொள்ளுங்கள். ஆதார் இணைப்பு இல்லாத வங்கிக் கணக்கென்றால் பணம் ஏறாது. கைரேகை அல்லது ஓ.டி.பி. மூலம் இ-கே.ஒய்.சி. முடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 155261 என்ற எண்ணில் கேட்கலாம்.

பட்டா மாற அலைச்சல்தான். ஆனால், கூட்டுறவுப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, சிறு, குறு விவசாயிக்கு 100 சதவிகித மானியத்தில் சொட்டுநீர் என எதற்குப் போனாலும் நில ஆவணம் கேட்பார்கள். அப்பா பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்தால், உழுகிற அம்மா அரசுக் கணக்கில் விவசாயியே இல்லை.