சுவாமியார் வராத அடக்கம்

கத்தோலிக்கர் ஒருவர் இறந்து, அடக்கம் செய்யக் குருவானவர் வர இயலாவிட்டால் அவர் கதி என்ன? பெருநோய்க் காலத்தில் எழுந்த இக்கேள்வி, நோய் தணிந்ததும் மறக்கப்பட்டுவிட்டது. அது மறக்கத்தக்கதன்று என்பதே நமது அபிப்பிராயம்.

2020-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமுலுக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ஜெபமாலை மாதா கோயில் முதல் கிள்ளான் லூர்து மாதா கோயில் வரை பொதுப் பூசை நின்றது. அடுத்த வருஷம் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. 2020 முடிவில் 500-க்கும் குறைவாயிருந்த கோவிட் மரணங்கள், 2021 முடிவில் இந்நாட்டில் 31,000-ஐத் தாண்டின. அந்நோயால் மாண்டவரின் பிரேதம் வீட்டு வாசலைக் காணாமலே இடுகாட்டுக்கோ சுடுகாட்டுக்கோ போயிற்று.

அப்படிப்பட்ட வேளையில் மகனோ மகளோ ஜெபப் புத்தகத்தை எடுத்து வாசித்து அடக்கம் செய்தால், அதை "அரைகுறை அடக்கம்" என்று பேசுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கணவனை இழந்தவளின் காதில், "சாமியார் இல்லாமல் அநாதைப் பிணம்போல் போனானே" என்று ஓதுகிறார்கள். இது பக்தியா? அறியாமை என்றே சொல்லுவோம்.

பூசை செய்யவும், பாவசங்கீர்த்தனம் கேட்கவும், அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவும் குருவானவரே வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அடக்கச் சடங்கு ஏழு தேவதிரவிய அனுமானங்களில் ஒன்றன்று. 1969-ம் வருஷம் ரோமையில் வெளியான அடக்கச் சடங்கு நூல், குருக்களும் தியாக்கோன்களும் கிடைக்காதவிடத்து, மேற்றிராணிமார் பேரவை ரோமையின் இசைவோடு அநுமதித்தால், பொதுநிலையினரே அதை நடத்தலாம் என்கிறது. விசுவாசிகளுக்குத் திருச்சபையின் அடக்கம் கிடைக்கவேண்டும் என்று 1983-ம் வருஷத்துச் சட்டநூல் விதிக்கிறது. மரண அவசரத்தில் ஞானஸ்நானத்தையே எவரும் கொடுக்கலாமே! தலையில் தண்ணீர் ஊற்றத் தகுந்த கை, குழியில் மண் போட்டு ஜெபிக்கத் தகாத கையா?

வேதத்தைப் பாருங்கள். தோபித்து குருகுலத்தான் அல்லன். சிறைபிடித்து அயல்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவன். எறியப்பட்ட பிரேதங்களை எடுத்துப் புதைத்தான். அதுவே அவன் புண்ணியம். ஆண்டவரின் திருச்சரீரத்தை அடக்கம் செய்தவர் அரிமத்தியா ஊர்ச் சூசை; பரிமளத் திரவியங்களோடு கல்லறைக்குப் போனவர்கள் ஸ்திரீகள்.

சரித்திரத்தையும் பாருங்கள். 1658-ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்தினார்கள். 1687-ல் ஜோசப் வாஸ் முனிவர் மாறுவேஷத்தில் வந்து சேரும்வரை அங்கே விசுவாசத்தைக் காத்தவர்கள் சாதாரண ஜனங்கள். அந்த யாழ்ப்பாணத்தாரின் சந்ததியார் பலர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார்கள். குருவானவர் எப்போதோ வந்துபோன தோட்டங்களிலும் உபதேசியாரும் லயத்துப் பெரியவர்களுமே ஜெபம் சொல்லிப் புதைத்தார்கள். அந்தப் பாட்டன்மாரெல்லாம் நரகத்துக்கா போனார்கள்?

"இதற்கு இடங்கொடுத்தால் குருவானவருக்கு மதிப்புக் குறையும்" என்பார் சிலர். குறையாது. அடக்கத்தைப் பிறர் பார்த்துக்கொண்டால், தாம் ஒருவரே கொடுக்கக்கூடிய அவஸ்தைப்பூசுதலுக்கு அவர் விரைந்து போகலாம். இறந்தவனுக்கு ஊரே ஜெபிக்கலாம். சாகிறவனுக்குப் பாவமன்னிப்புக் கூற ஊரால் ஆகுமா?

எனினும், துக்கம் கலங்கடிக்கும் வேளையில் புத்தகத்தைத் தேடி ஓடுவது முறையன்று. கோயில்தோறும், அன்பியந்தோறும் ஆண்களில் இருவரும் பெண்களில் இருவரும் இப்பணிக்கு முன்னதாகவே பழக்கப்பட வேண்டும். மேற்றிராணியாரின் அநுமதியோடு அவர்கள் பெயர் பூசையில் வாசிக்கப்பட வேண்டும். தமிழ்ச் சடங்கு நூல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அவர்கள் நடத்தும் அடக்கமும் கோயில் பதிவேட்டில் மற்றவற்றைப்போலவே எழுதப்பட வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய் நம்மிடம் தவணை கேட்டு வராது. சட்டம் திறந்துவைத்த கதவை நம் அச்சமும் சோம்பலும் அடைத்து வைத்திருக்கின்றன. குருமாரும் ஜனங்களும் சேர்ந்து அதை இன்றே திறக்கட்டும்.