காத்திருக்கும் கருவி

“ஒன்று பழுதானால் இன்னொன்று ஓடும்; ஊழியருக்கு ஏன் அச்சம்?” ஆலை அதிபர்களின் அவையிலே அடிக்கடி ஒலிக்கும் ஆறுதல் மொழி இது. இரண்டு கருவிகள் வாங்கி வைத்துவிட்டோம், இனிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவன் பித்தன் என்பது அவர்கள் எண்ணம். தோழர்களே! அந்த இரண்டாவது கருவியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கொதிகலனை, இரசாயனக் கலத்தை ஆளுகின்ற கட்டுப்பாட்டு அறையிலே கணிப்பொறிகள் இரண்டு. ஒன்று பணியில், மற்றொன்று காவலில். அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்ற செய்தி இரண்டுக்கும் வருகிறது. இரண்டும் கணக்குப் போடுகின்றன. ஆனால் வால்வைத் திற, மூடு என்று ஆணையிடும் உரிமை முதலாவதற்கு மட்டுமே. ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அது ஓயாமல் துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். துடிப்பு நின்றதா? காத்திருந்தது சில மில்லி விநாடிகளில் செங்கோலைக் கையிலெடுக்கும். இரண்டுக்கும் இடையேயுள்ள கம்பி மட்டும் அறுந்துவிட்டால்? முதல்வன் மாண்டான் என்றெண்ணி இரண்டாமவன் முடிசூடிக்கொள்ள, மாளாத முதல்வனும் ஆணையிட்டுக்கொண்டே இருக்க, ஒரு வால்வுக்கு இரண்டு அதிகாரிகள்! இரட்டைத் தலைமையின் இன்பத்தைக் கட்சிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேட்டைத் தடுக்கக் கம்பியையும் இரட்டிப்பாக்கினார்கள். நல்ல ஏற்பாடு.

கம்பியை இரட்டிப்பாக்கித் தீராத கேடு ஒன்று உண்டு. 1996 ஜூன் 4. தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூருவிலிருந்து, ஐரோப்பிய நாடுகள் கூடிச் செய்த ஏரியன் 5 ராக்கெட் முதன்முதலாகப் புறப்பட்டது. செல்லும் திசையை உணர்த்தும் கருவிகள் இரண்டு. ஒன்று இயங்க, மற்றொன்று விழிப்போடு காத்திருந்தது. தரையை விட்டு எழுந்த சுமார் 30 விநாடிகளில் காத்திருந்த கருவி முதலில் மடிந்தது! அடுத்த 72 மில்லி விநாடிக்குள் இயங்கிய கருவியும் மடிந்தது. பொறுப்பை மாற்றிக் கொடுக்க ஆளில்லை. மாண்ட கருவி உளறிய பிழைச் செய்தியைப் பறக்கும் விவரமென்று நம்பித் தலைமைக் கணிப்பொறி ராக்கெட்டைத் திருப்ப, அது உடைந்து வெடித்தது. உள்ளேயிருந்த நான்கு ஆய்வுத் துணைக்கோள்களும் பொடியாயின.

காரணம் என்ன? முந்தைய ஏரியன் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து இரண்டிலும் ஏற்றியிருந்தார்கள். 32,767-க்கு மேற்பட்ட எண்ணைத் தாங்காத சிறு பெட்டி ஒன்று அந்த நிரலில் இருந்தது. புதிய ராக்கெட்டின் வேகம் அந்த வரம்பை மீறியது. தரையை விட்டு எழுந்தபின் அந்தக் கணக்கே தேவையில்லை என்பதுதான் வேதனை! கதாநாயகன் காய்ச்சலில் படுத்தால் நடிக்க எங்கள் நாடகக் குழுவிலும் மாற்று நடிகர் உண்டு. பிரதி எடுத்தவன் ஒரு வரியைத் தவறாக எழுதிவிட்டால், இருவரும் அதே தவற்றைத்தான் மனப்பாடம் செய்வார்கள். ஆள் மாறலாம், பிழை மாறாது.

இதை உணர்ந்து செய்தவர்களும் உண்டு. அமெரிக்க விண்ணோடத்தில் நான்கு கணிப்பொறிகளுக்கு ஒரு நிறுவனம் நிரல் எழுத, ஐந்தாவதற்கு வேறொரு நிறுவனம் தனியே எழுதியது. ஐந்தாவதிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பொத்தானை விமானியின் கைப்பிடியில் வைத்தார்கள். 1981 ஏப்ரல் 10 அன்று அந்த ஐந்தாவது மற்ற நான்கோடு இசைய மறுத்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோதும் பயணத்தை நிறுத்தினார்கள். குறை கண்டு, 12-ஆம் நாள் அனுப்பினார்கள். காத்திருக்கும் கருவி இசையவில்லை என்பதற்காகக் காத்திருந்தார்களே, அந்தப் பொறுமை நம் முதலாளிகளுக்கு உண்டா?

போபாலைக் கேளுங்கள்! 1984 டிசம்பர் 2 இரவு, யூனியன் கார்பைடு ஆலையில் காப்பு ஏற்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. நச்சு வாயுவைக் கழுவும் கோபுரம் இருந்தது, காத்திருப்பு நிலையில். எரித்தழிக்கும் கோபுரம் இருந்தது. அதற்குச் செல்லும் குழாயைப் பழுது பார்க்கவென்று கழற்றியிருந்தார்கள். குளிரூட்டும் இயந்திரம் இருந்தது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். காகிதத்திலே எல்லாம் இருந்தன. விடிந்தபோது வீதியெங்கும் பிணங்கள். இங்கே நிரலில் பிழையில்லை. ஓட்டிப் பார்க்க மனமில்லை.

ஓடுகின்ற ஆலையில் பொறுப்பை மாற்றிப் பார்த்தால் உற்பத்தி தடைப்படும் என்பார்கள். தடைப்படலாம், உண்மைதான். ஆனால் சோதனை நாளில், பொறியாளர் பக்கத்தில் நிற்கையில் தடைப்படுவதும், நள்ளிரவில் தானாகத் தடைப்படுவதும் ஒன்றாகுமா? நள்ளிரவில் அங்கே நிற்கப்போகிறவன் அதிபரல்ல, நம் தோழன்.

போபாலுக்குப் பின், 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயத் தொழில் நடக்கும் ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவை ஏற்படுத்தினார்கள். அப்படிப்பட்ட குழுக்களில் அமர்ந்து தேநீர் அருந்திக் கையெழுத்திட்டு எழுந்து வருகிற தோழர்கள் நம்மிடையே உண்டு. கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதல் கருவியை நிறுத்தி இரண்டாவதை ஓட்டிப் பார்த்த கடைசி நாள் எது? அப்போது உடனிருந்த தொழிலாளி யார்? இரண்டிலும் ஓடுவது ஒரே நிரலா? விடை வாய்மொழியாக வேண்டாம். பதிவேட்டை மேசைமீது வைக்கச் சொல்லுங்கள்.