சித்திரை ஒன்று, சியாங் மாயில்

ஒவ்வொரு சித்திரை முதல் நாளும் வானொலியில் ஊருக்கே வாழ்த்துச் சொல்வேன். கிள்ளானில் இருக்கும் அம்மாவைப் பார்க்க மட்டும் நேரமிருக்காது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரே கொமுட்டர் ரயில்தான். ஆனால் அன்று பொது விடுமுறை இல்லையே!

இந்த ஆண்டு அந்த நாளில் தாய்லாந்தின் சியாங் மாயில் இருந்தேன். அங்கே அது சொங்க்ரான். நம் ‘சங்கராந்தி’தான், சூரியன் மேஷத்துக்கு வரும் அதே கணக்கு. ஏப்ரல் 13 முதல் 15 வரை விடுமுறை. தெருவெங்கும் தண்ணீர்த் துப்பாக்கி அமர்க்களம். (என் கைப்பேசிதான் பாவம்.) தங்கியிருந்த வீட்டுக்குள்ளோ, பேங்காக்கிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் பாட்டியின் கைகளில் மல்லிகை மிதக்கும் நீரை மெல்ல ஊற்றி, செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். என்னிடமும் கிண்ணத்தை நீட்டினார்கள். ஊற்றினேன்.

வெளியே வந்து அம்மாவை அழைத்தேன். “பாயசம் வெச்சிருக்கேன், சாயங்காலம் வர்றியா?” என்றார். நான் ஊரில் இல்லை என்பதையே அவரிடம் சொல்லியிருக்கவில்லை.