முதல் வாய்த் தண்ணீருக்கு முன்னால் ஒரு சோதனை

பக்கவாதம் வந்தவரை வார்டில் சேர்த்ததும், கூட வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, "சிஸ்டர், குடிக்க ஏதாவது கொடுக்கலாமா?" என்பதுதான். நோயாளி ராத்திரி முழுக்க வெறும் வயிறு. பி.பி. மாத்திரை வேறு போட்டாக வேண்டும். டீக்கடையில் வாங்கிய பால் டம்ளரில் ஆறிக்கொண்டிருக்கிறது. "கொஞ்சமா கொடுங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிடும் ஒரு பதில் உயிருக்கே உலை வைக்கலாம்.

வாதம் கை காலை மட்டும் இழுப்பதில்லை, தொண்டையையும் முடக்கும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான கனடாக் குழுவின் கட்டுரை, சோதிக்கும் முறையைப் பொறுத்து நூற்றுக்கு 37 முதல் 78 நோயாளிகள் வரை விழுங்கச் சிரமப்படுவதாகச் சொன்னது. அப்படிப்பட்டவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மூன்று மடங்கு. இதில் கொடுமை, பலருக்குப் புரையேறுவதே வெளியில் தெரியாது. இருமல் வராது, முகம் சுளிக்காது. பால் நேராக நுரையீரலுக்குள் இறங்கியிருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வரும்போதுதான் வீட்டார் பதறுவார்கள்.

இதைத் தடுக்க ஸ்கேன் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். ஒரு ஸ்பூனும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். நோயாளி நன்றாக விழித்திருக்கிறாரா என்று பார்த்து, நிமிர்த்தி உட்கார வைத்து, பெயரைச் சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்க வேண்டும். பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீர். குரல்வளை மேலேறி இறங்குகிறதா, கடைவாயில் வழிகிறதா என்று கவனித்து, மறுபடி பேசச் சொல்ல வேண்டும். சளி கட்டியதுபோல் குரல் களகளத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தேறினால் இன்னும் சில ஸ்பூன், அதற்கப்புறம்தான் டம்ளர். தேறாதவருக்கு வாய்வழி எதுவும் கூடாது, மாத்திரை உட்பட. மருத்துவரிடம் சொல்லி மூக்குவழிக் குழாய்க்கோ வேறு வழிக்கோ ஏற்பாடு செய்ய வேண்டும். பிரிட்டனில் நோயாளி வந்த 4 மணி நேரத்துக்குள் இதை முடிக்க வேண்டும் என்பது விதி.

சொல்வதற்குச் சுலபம். ஆனால் அந்தக் களகளப்பைக் காது பிடிக்க வேண்டுமே! அது பழக்கத்தில் வருவது, பழக்கம் விட்டால் போய்விடுவது. ஒருநாள் வகுப்பில் கற்ற செவிலியரைப் பிரசவ வார்டுக்கு மாற்றுகிறார்கள். ஓசூரில் தனியார் நர்சிங் ஹோமில் இருந்தவர் நல்ல சம்பளம் தேடி எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்குப் போய்விடுகிறார். புதிதாக வந்தவருக்குச் சொல்லித்தர ஆளில்லை, நைட் டியூட்டியில் நேரமும் இல்லை. குற்றம் செவிலியருடையது அல்ல. அவர்களைத் தனியே விட்டுவிட்ட நிர்வாகத்துடையது.

ஓசூர் சிப்காட் ஆலைகளில் அளவுக் கருவிகளைத் தவணை தவறாமல் சரிபார்த்துச் சீட்டு ஒட்டுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகக் கூடாது என்கிற அந்த அக்கறை, அதே ஆலைத் தொழிலாளி வாதத்தில் விழும்போது அவர் தொண்டைக்குக் கிடைக்க வேண்டாமா?

ஓசூர் இருக்கும் இந்த மாநில எல்லைப் பகுதிக்கென்று இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது மொழி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பாட்டிக்குத் தெலுங்கோ கன்னடமோதான் புரியும். ஆலைக்கு வந்த வடமாநில இளைஞருக்கு இந்தி. "விழுங்குங்க" என்பது புரியாமல் விழிப்பவரை, விழுங்க முடியாதவர் என்று குறித்துவிடலாம். அடுத்தது, மருத்துவமனை மாற்றம். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு அனுப்பப்படுபவரும், அங்கிருந்து திரும்பி வருபவரும் ஒவ்வொரு முறையும் புதிய கைகளுக்குப் போகிறார்கள். சோதனை முடிவு கூடவே போகாவிட்டால் பழைய ஆபத்துதான்.

செவிலியர் கையில் இந்த வேலையைக் கொடுத்தால் பலன் உண்டா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் லான்செட் இதழில் வந்தது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் மூன்றையும் செவிலியர் முறைப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறர் உதவியில் வாழ்பவர்களும் நூற்றுக்கு 42. மற்றப் பிரிவுகளில் 58. என்னைக் கவலைப்பட வைப்பது வேறொரு எண். பயிற்சி தந்த பிரிவுகளிலும் முதல் 24 மணி நேரத்துக்குள் விழுங்கும் சோதனை நடந்தது 46 சதவீதம் பேருக்குத்தான். பயிற்சி தராத இடங்களில் வெறும் 7. அத்தனை ஏற்பாட்டோடும் பாதிப் பேர் விட்டுப்போனார்கள் என்றால், என்றோ நடந்த ஒரு வகுப்பை நம்பி நாம் எப்படி இருக்க முடியும்?

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாவட்டத்தின் அரசு, இ.எஸ்.ஐ., தனியார் செவிலியர் அனைவருக்கும் அதுவே பயிற்சிக் களமாகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோயாளியின் கட்டிலருகே, செய்து காட்டச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அந்த நேரம் டியூட்டியாகவே கணக்கிடப்பட வேண்டும். விடுமுறை நாளில் கூப்பிட்டால் யார் வருவார்கள்? தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தியில் நான்கு வரி அட்டை ஒவ்வொரு வார்டிலும் தொங்க வேண்டும். "சோதனை முடியும்வரை வாய்வழி எதுவும் வேண்டாம்" என்ற பலகை கட்டில் தலைமாட்டில் இருந்தால் உறவினர் கையும் நிற்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு திரும்பிய வாத நோயாளியைப் பார்க்கப் போகும் அந்தத் திட்டத்துப் பணியாளர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும்.

இதற்கெல்லாம் புதுக் கட்டடம் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரும் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரும் கல்லூரி முதல்வரும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் உத்தரவு போட்டுவிடலாம். அடுத்த டியூட்டிப் பட்டியல் ஒட்டும்போதே, ஒவ்வொரு ஷிப்டிலும் இந்தச் சோதனையில் தேர்ந்த ஒருவர் பெயராவது அதில் இருக்கும்படி செய்யுங்கள்.