நாச்சியார்கோவிலுக்கு வந்த மாணவர்



குடவாசலில் பஸ் ஏறிக் கும்பகோணம் போனால் வழியில் நாச்சியார்கோவில் வரும். குத்துவிளக்குக் கடைகளை ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். அந்த ஊருக்கு நாதஸ்வரம் கற்க ஆந்திராவிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பெயர் ஷேக் சின்ன மௌலானா. 1924-ல் கரவதி கிராமத்தில் பிறந்தவர்.

அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம்தான். அவரும் நன்றாகவே வாசிப்பார். ஆனால், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனதைப் பறிகொடுத்தார். தஞ்சாவூர் பாணியைக் கற்றே தீர்வது என்று புறப்பட்டு வந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார். வாசிக்கத் தெரிந்த ஒருவர் அப்படி உட்காருவது லேசான காரியமா, சொல்லுங்கள்!

பிறகு ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். முஸ்லிமான அவரது நாதஸ்வரம் ரங்கநாதர் கோயிலில் ஒலித்தது. அமெரிக்கா முதலான வெளிநாடுகளிலும் ஒலித்தது. கல்யாண வீட்டில் நாம் ‘பீப்பீ’ என்று கேலி செய்கிறோமே, அதே வாத்தியம்தான்! மேல்நாட்டு ட்ராம்போன் கலைஞர் உதடு வைப்பது உலோகத்தில். நம் வித்வானுக்கோ நாணலில் செய்த சின்னஞ்சிறு சீவாளி.

1977-ல் பத்மஸ்ரீ, 1998-ல் சங்கீத கலாநிதி. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவரிடம் பயின்ற காலீஷாபி – ஷேக் மஹபூப் சுபானி தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆம், நாதஸ்வரம் வாசிக்கும் பெண்மணி!

அடுத்த திருவிழாவில் வித்வான் அருகே போய் நில்லுங்கள். வாத்தியத்தில் கயிற்றில் தொங்கும் சீவாளிகளைப் பாருங்கள். அவர் ஓய்வாக இருக்கும்போது கேட்டால், எப்படி ஊதுவதென்று சொல்லித் தருவார்.